பூச்சு ஆறும் நேரம்

உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டிருக்கலாம், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம், வாயிலிருந்த சாம்பார் சாதத்தை மென்றுகொண்டு பேசாமல் இருந்திருக்கலாம், அதுகூட இதைவிட மேல். திரையில் வெப்பம் இருநூறுக்குக் கீழே வந்திருக்கிறது. இன்னும் நிறைய இறங்க வேண்டும். அறுபதைத் தொடும்வரை சேம்பரின் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் சூடு அடங்காத பூச்சின் மேல் காற்று பாயும், பாய்ந்தால் இன்று ஒன்றும் தெரியாது, அடுத்த வாரம் வெங்காயத் தோல் மாதிரி உரியும். ஆகவே உட்கார்ந்திருக்கிறேன். என் வேலையில் பாதி உட்கார்ந்திருப்பதுதான். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கையுறை, மாஸ்க், முன்னால் பீப்பாய் அளவில் ஒரு எஃகு அறை, உள்ளே இருட்டில் நான்கு அச்சுகள். மத்தியானம் கேன்டீனில் ஜன்னலோர மேசையில் எதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்காமலே வேதவல்லி சொன்னாள். "எங்க அண்ணன் குடியாத்தத்துக்கே வந்துடுன்னு கூப்பிடறாரு சார். மாடி போர்ஷன் காலியா இருக்காம். இங்க வீட்டுக்காரம்மாவும் வேற ஆள் பாத்து வெச்சிருக்காங்க, காலி பண்றியா இல்லையான்னு இன்னைக்குச் சாயங்காலம் சொல்லணும்." அப்புறம் டிபன் பாக்ஸின் மூடியை விரலால் ஒருமுறை சுற்றிவிட்டு, "போகட்டுமா?" என்றாள். நான் உங்க இஷ்டம் என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன், தண்ணீர் ஜக்கை நகர்த்திக்கொண்டே சொன்னேன், அந்த ஜக்கை நகர்த்தியதுதான் இப்போது திரும்பத் திரும்ப வருகிறது. அவள் "சரி சார்" என்றாள். அப்புறம் சாப்பிட்டாள். ஊறுகாய் வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊறுகாய் வேண்டுமா என்று கேட்ட மனுஷியிடம் என்ன பேசுவது?

நூற்று எழுபது. இந்த வேலையை வெளியே யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை, அரக்கோணத்தில் இருக்கும் அக்காவுக்குக்கூட. லென்ஸ் கம்பெனி என்றால் மூக்குக்கண்ணாடி என்று நினைத்துக்கொள்கிறாள். கண்ணாடியைப் பாகு பதத்துக்கு இளக்கி இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறோம் அக்கா, அச்சின் வளைவு அப்படியே கண்ணாடியில் இறங்கும், அப்புறம் தேய்க்கவே வேண்டாம், நேராக கேமராவுக்குள் போகும், வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற குழாயின் நுனிக்குப் போகும். சரி, அதில் நீ என்னடா பண்ற? கண்ணாடி அச்சில் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அச்சின் மேல் ஒரு பூச்சு போடுகிறேன். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவற மாதிரியா? ஆமாம் அக்கா, அப்படித்தான். அப்படி இல்லை. எண்ணெய் என்றால் கண்ணுக்குத் தெரியும். இது பிளாட்டினமும் இரிடியமும் கலந்து, ஒரு தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத படலம். அது இல்லாவிட்டால் சூட்டில் கண்ணாடி அச்சின் கார்பைடைக் கடித்துக்கொள்ளும், பிரித்தால் ஒன்று கண்ணாடி பெயரும் அல்லது அச்சு பெயரும், மாதக்கணக்கில் இழைத்த வளைவு ஒரு அழுத்தலில் போகும். பூச்சு நன்றாக இருந்தால் கண்ணாடி தொடும், முழுக்கத் தொடும், ஒரு இடம் விடாமல் தொடும், ஆறியதும் வந்துவிடும். இதை வைத்து என்னைப் பற்றி நானே ஏதாவது நினைத்துக்கொள்வதற்குள் நிறுத்திக்கொள்கிறேன். அக்கா ஒருமுறை அப்படிச் சொன்னாள், எது பட்டாலும் உன்மேல தங்காதுடா, உன் வேலைக்கு ஏத்த ஆள்தான் நீ என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மனிதனை அச்சோடு ஒப்பிடுவது சுலபம், அச்சுக்குப் பயம் கிடையாது என்பதுதான் அதில் இடிக்கிறது. அச்சு யாருக்கும் உங்க இஷ்டம் என்று சொல்வதில்லை. நான் எங்கே பிடித்தேன் அந்த வார்த்தையை? சித்தப்பா வீட்டில். ரயில்வே குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடத்துக்காக என்னை அங்கே விட்டிருந்தார்கள். சித்தி நல்லவள்தான், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவளுடைய பிள்ளைகள் மூன்று பேரும் தட்டை நீட்டிக் கத்துவார்கள், நான் கத்த மாட்டேன். இன்னொரு தோசை போடவா தணிகாசலம் என்பாள். உங்க இஷ்டம் சித்தி. போட்டால் சாப்பிடுவேன், போடாவிட்டால் கை கழுவுவேன். இந்தப் பிள்ளை எவ்வளவு மரியாதை பார் என்று பக்கத்து வீட்டில் சொல்வாள். மரியாதை இல்லை அது. பசி. ஐம்பத்து நான்கு வயதில் ஒரு பெண் போகட்டுமா என்று கேட்கும்போது சித்தி வீட்டுப் பையன் எழுந்து வந்து பதில் சொல்லிவிட்டான், நான் தடுப்பதற்குள்.

இன்டர்காம் அடிக்கிறது. உதுமான். அடுத்த அறையில் கண்ணாடி அழுத்தும் மெஷின் அவனுடையது, நான் அச்சு கொடுத்தால்தான் அவனுக்கு வேலை. "தணிகைண்ணே, அடுப்ப எப்ப இறக்குவீங்க? சோறு குழைஞ்சிடப் போவுது." இன்னும் ஆறலை உதுமான். "ஆறாதுண்ணே, நீங்க பக்கத்துல உக்காந்து அதையே மொறச்சுப் பாத்துட்டு இருந்தா அதுக்கு எப்படி ஆறும்? கொஞ்சம் திரும்பி உக்காருங்க, வெக்கப்படுது." திரும்பித்தான் உட்கார்ந்திருக்கேன். "அப்படீன்னா வேற யாரையோ பாக்கறீங்க," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அவனுக்குத் தெரியுமா? என்ன தெரியும், தெரிவதற்கு என்ன இருக்கிறது? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பரிசோதனை அறை, அதில் மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்திருக்கும் ஒரு வெள்ளை உடுப்பு. இங்கே எல்லாரும் வெள்ளை உடுப்புதான், கண்கள் மட்டும்தான் வெளியே, புதிதாக வருகிறவர்கள் ஆள் மாற்றிக் கூப்பிடுவார்கள். நான் கூப்பிட்டதில்லை. வலது தோளைச் சற்று முன்னால் தள்ளி, கதவு திறக்குமுன்பே நுழைந்துவிடுகிற மாதிரி நடப்பது வேதவல்லி. முதல் வருஷம் முழுக்க அந்தக் கண்களையும் நடையையும்தான் தெரியும். கேன்டீன் நேரம் மாறி ஒருநாள் என் பின்னால் வரிசையில் நின்று ஒரு பெண் "என்ன சார், ஆளைத் தெரியலையா, காலையிலதான் உங்க மோல்டு ரெண்டைத் திருப்பி அனுப்பினேன்" என்றபோது எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அந்தக் கண்களுக்குக் கீழே நான் வேறு ஏதோ முகம் வைத்திருந்தேன். இதுதான் சரியான முகம் என்று ஒப்புக்கொள்ளச் சில நாட்கள் பிடித்தன, அப்புறம் பழைய முகம் எது என்பதே மறந்துவிட்டது. உள்ளே வரும்முன் பெண்கள் பூ, பவுடர், மை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், ஒரு துகள் பறந்தால் ஒரு அச்சு போச்சு. உடை மாற்றும் அறைக் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் பொட்டாக இருக்குமாம். "முகம் பாக்க இடமே இல்ல சார், எல்லாம் பொட்டுதான். என்னது மேல் மூலையில, கறுப்பு. அவரு தவறின வருஷம் மட்டும் அங்க ஒட்டல. அப்புறம் யோசிச்சேன், இந்தக் கண்ணாடிக்கு எதுக்கு துக்கம்னு." அவள் புருஷன் போய் ஆறு வருஷம். அவரைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்காது. நல்ல மனுஷன், நல்லா பாடுவாரு, லாரி ஓட்டறவருக்கு என்ன பாட்டுன்னு எங்கண்ணன் திட்டுவாரு என்பாள். இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்கிறாள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. நேரில் நீங்க, மனதுக்குள் அவள். இது எப்போது நடந்தது?

நூற்றுப் பத்து. அவள் என்னிடம் கேட்டது என்ன என்று நிதானமாகப் பார்ப்போம். ஒருவேளை ஒன்றுமே இல்லை. கூட வேலை பார்க்கிற, வயதில் மூத்த ஒரு ஆளிடம் ஊர் மாறுவதைப் பற்றி அபிப்பிராயம் கேட்டிருக்கிறாள், உதுமானிடமும் கேட்டிருப்பாள். இல்லை, உதுமானிடம் கேட்டிருந்தால் அவன் இதற்குள் தொழிற்சாலை முழுக்கச் சொல்லியிருப்பான். அபிப்பிராயம் கேட்கிறவள் குடியாத்தத்தில் வேலை கிடைக்குமா என்று கேட்பாள், வாடகை பற்றிப் பேசுவாள். அவள் கேட்டது போகட்டுமா. அந்தக் கேள்வியை ஒரு ஆளிடம் எப்போது கேட்போம், அந்த ஆளுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல உரிமை இருந்தால்தானே, அல்லது அந்த உரிமையை இதோ எடுத்துக்கொள் என்று நீட்டும்போது. நீட்டினாள். நான் ஜக்கை நகர்த்தினேன். சரி, போக வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? அப்புறம்? என் வீட்டில் ஒரு கட்டில், அதன் நடுவில் படுத்து இருபத்தைந்து வருஷமாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. தூக்கத்தில் குறட்டை விடுகிறேன் என்று அக்கா சொல்கிறாள், எனக்குத் தெரியாது, சொல்ல ஆள் கிடையாது. காலையில் சர்க்கரை மாத்திரை, குளிக்கும்வரை யாரிடமும் பேச்சு கிடையாது, பேப்பரைக் கழிப்பறைக்கு எடுத்துப்போகும் பழக்கம். நாற்பத்தேழு வயதில் ஒருத்தி தன் பாத்திரங்களோடு வந்து நின்று இதையெல்லாம் பார்த்து என்ன நினைப்பாள்? அவளுக்கு ஆகாமல் போனால்? குடியாத்தம் மாடியையும் விட்டுவிட்டு, ஊரார் பேச்சையும் கேட்டுக்கொண்டு, என்னோடு மாட்டிக்கொண்டால்? அவள் நல்லதுக்குத்தான் நான் சொல்லவில்லை என்று நினைத்துப் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது, கேட்க. அவள் நல்லது என்றால் அதை அவளிடம்தானே கேட்டிருக்க வேண்டும். நான் காப்பாற்றிக்கொண்டிருப்பது அவளை இல்லை. இதற்கிடையில் இன்னொன்று, மனதின் ஓரத்தில் கொஞ்ச நேரமாகவே நெருடுகிறது, பார்க்காமல் தள்ளிக்கொண்டிருந்தேன். துணி. சாப்பிட்டு வந்து நான்கு அச்சுகளையும் தாங்கியில் பொருத்தும்போது என் கையில் துடைக்கும் துணி இருந்தது. ஏன் இருந்தது? காலையிலேயே கழுவி, உலர்த்தி, அவள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து "சுத்தம்" என்று சொல்லிவிட்டாள். அவள் ஓகே என்று சொல்வதில்லை, சுத்தம் என்பாள், அந்த வார்த்தைக்குப் பிறகு அச்சைத் தொடக் கூடாது. ஆரம்ப காலத்தில் நான் தொடுவேன். பயந்தவன் செய்கிற தப்பு அது, எங்கள் வேலையில் மட்டும்தான் இருக்கும், அழுக்காக விடுகிறவன் அச்சைக் கெடுப்பதைவிட, இன்னொருமுறை துடைத்துவிடுவோம் என்று நினைக்கிறவன்தான் அதிகம் கெடுப்பான். கடைசித் துடைப்பின் ஈரம் ஓரத்தில் காயும்போது வில் மாதிரி ஒரு தடம் விடும், கண்ணுக்குத் தெரியாது, பூச்சு ஏறிய பிறகுதான் மேகம் போலத் தெரியும், அந்த இடத்தில்தான் கண்ணாடி கடிக்கும். அதற்காகத்தான் அவள் என்னைக் கூப்பிட்டுச் சண்டை போட்டாள், மாஸ்க்குக்குள்ளிருந்து. "நான் சுத்தம்னு சொன்னா சுத்தம் சார். அதுக்கு மேல நீங்க துடைச்சா என் கண்ணை நம்பலன்னு அர்த்தம்." அதிலிருந்து தொட்டதில்லை. ஏழு வருஷம். இன்று துணி கையில் இருந்தது நினைவிருக்கிறது, துடைத்தேனா என்பது நினைவில்லை. துணியை மடித்தேன், வாசனை வந்தது, ஸ்பிரிட் வாசனை, ஈரமாகத்தான் இருந்திருக்கிறது, அப்போது நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் அச்சைப் பார்க்கவில்லை, தடுப்புக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த அவள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இனி அதில் வேறு யாராவது உட்கார்வார்கள் என்று, அந்த ஆளும் சுத்தம் என்று சொல்வாரா ஓகே என்று சொல்வாரா என்று.

ஐம்பத்தெட்டு. வால்வைத் திறந்தால் நைட்ரஜன் மெதுவாக உள்ளே போகிற சத்தம், நீண்ட பெருமூச்சு மாதிரி, அப்புறம் கதவு இளகுகிறது. நான்கு அச்சுகளும் தாங்கியில் உட்கார்ந்திருக்கின்றன, சாம்பல் கலந்த வெள்ளிப் பளபளப்பு, வெறும் கண்ணுக்கு நான்கும் ஒன்றுதான். எடுத்துக்கொண்டு போகிறேன். அவள் நாற்காலியில் திரும்பாமலே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். முதல் அச்சு. "சுத்தம்." இரண்டாவது. குமிழைச் சுற்றி வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தாள். "சுத்தம்." மூன்றாவதில் கை நின்றது. குமிழை முன்னும் பின்னும் இரண்டு தடவை நகர்த்தினாள், தேவையே இல்லாமல், தெரிந்த விஷயத்தை இன்னொருமுறை பார்க்கிறவள் மாதிரி.

"துடைச்சீங்களா?"

"தெரியல. துடைச்சிருக்கேன் போல."

"நான் சொன்னதுக்கு அப்புறமா?"

"ஆமா."

"ஏழு வருஷமா தொட்டதில்லையே சார் நீங்க." கண்ணை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுக்கவில்லை. "எப்போ?"

"சாப்பிட்டு வந்து."

மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட அவ்வளவு நல்லா உங்க இஷ்டம்னு சொல்லிட்டு, இங்க வந்து இதப் பண்ணீங்களாக்கும்."

தடம் அங்கே இருக்கிறது, அரை வட்டமாக, என் கை எந்த வாக்கில் போனது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கும். கோபமா என்று அந்தக் கண்களில் தேடினேன். இத்தனை வருஷம் படித்த கண்கள், இன்று பார்த்து ஒன்றும் புரியவில்லை. பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே வாய் திறந்துவிட்டது. போகாதீங்க என்றேன்.

"என்ன?"

"போகாதீங்கன்னேன். குடியாத்தத்துக்கு."

"மாஸ்க்குக்குள்ள இருந்து யாரு வேணா என்ன வேணா சொல்லலாம் சார்," என்றாள். நான்காவது அச்சை எடுத்து வைத்துக் குனிந்துகொண்டாள். "வெளிய வந்து சொல்லுங்க. அதுக்கு முன்னால இந்த மூணாவத உரிச்சுத் திரும்பப் பூசணும்னு உதுமான் கிட்ட சொல்லிட்டு வாங்க, கத்துவான், வாங்கிக்கோங்க."

கத்தினான். அச்சு ஒன்று குறைவு, ராத்திரி ஷிஃப்ட்டு முழுக்க மூன்றை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன பாட்டா பாடுவார்கள் என்றான், தணிகைண்ணே உங்களுக்கா இப்படி என்றான், கடைசியில் உடம்பு சரியில்லையா அண்ணே என்று கேட்டான். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன், அது பொய்யா என்று தெரியவில்லை. உடுப்பைக் கழற்றும்போது ஜிப் சிக்கிக்கொண்டது. இப்போதே போய்ப் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடலாம், அவள் வருவதற்குள், நாளைக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும், இன்னும் கொஞ்ச நாளில் அவள் இருக்கமாட்டாள் என்பதைத் தவிர. சரி அவள் மாஸ்க் இல்லாமல் சொல் என்கிறாளே, மாஸ்க் இல்லாமல் சொன்னால் என்ன ஆகும், என் முகம் ஏதாவது செய்துவிடும், அழுதுவிடும், அல்லது அதைவிட மோசமாக ஒன்றுமே செய்யாமல் ஜக்கை நகர்த்தும்போது இருந்த அதே முகமாக நிற்கும். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். பகல் ஷிஃப்ட்டு ஆட்கள் கடந்து போனார்கள், வரேன் சார் என்றார்கள், தலையாட்டினேன். அவள் வந்தாள், தோளை முன்னால் தள்ளி. கன்னத்தில் மாஸ்க் எலாஸ்டிக்கின் கோடு. தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. களைத்துப்போய் இருந்தாள், அது எனக்கு எதிர்பாராததாக இருந்தது, இவளும் மதியத்திலிருந்து ஒரு பூட்டிய அறையின் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"சொல்லுங்க," என்றாள்.

"போக வேணாம். இங்கயே இருங்க."

"இங்கயேன்னா? அந்த வீட்லயா?"

"இப்போதைக்கு அந்த வீட்ல. அப்புறம்..." வாக்கியம் அங்கே நின்றது, நான் தள்ளினேன், "அப்புறம் என்னோட. முறையா. ரிஜிஸ்டர் ஆபீஸ்லயோ கோயில்லயோ, உங்க..." அந்த வார்த்தை நாக்குக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைக்கிறேன்.

"இது என் நல்லதுக்குச் சொல்றீங்களா சார்?"

"இல்ல. எனக்கு வேணும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. என் குரல் மாதிரியே இல்லை, கொஞ்சம் சத்தமாக வேறு சொல்லியிருக்கிறேன், வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள், போன், அதைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே நின்றாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டேயிருந்தது போல, அத்தனை நேரம் ஒருத்தர் என்னை இப்படிப் பார்த்ததில்லை, நானும் திரும்பிக்கொள்ளவில்லை.

"அக்கா, வேதவல்லி பேசறேன். வீடு விஷயமா... இல்லக்கா, காலி பண்ணல. ஆமா, காலைல போவேன் போலன்னுதான் சொன்னேன், இப்ப இல்ல... கொஞ்ச நாள் இருப்பேன், அப்புறம் நானே சொல்றேன்... அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன், நீங்க கவலப்படாதீங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள், அவள் என் காலைப் பார்த்தாள், இந்த முறை சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "காரணமா? இங்கதான் நிக்குது அக்கா. இடது வலது தெரியாம செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். அவள் பேசி முடிக்கட்டும் என்று அப்படியே நின்றேன்.